நாசிக் திராட்சை அறுவடை: மூன்று நாள் ஒயின் பயணத்துக்குப் பொங்கல் விடுமுறை சரியா, பிப்ரவரி சரியா?

தரமணி வாசி (கேள்வி)

வணக்கம். நாசிக்கில் அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்கள். அது மூன்று மாதம், எங்களுக்குக் கிடைப்பது மூன்றே நாள். பொங்கல் விடுமுறையோடு ஒட்டிப் போவதா, பிப்ரவரி நடுவில் போவதா?

நாங்கள் ஐந்து பேர். இரண்டு தம்பதிகள், கூட அப்பா (68 வயது). ஒருவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. அப்பா குடிப்பதில்லை, திரியம்பகேஸ்வரர் கோயில் பார்க்க வேண்டும் என்கிறார். சென்னையிலிருந்து மும்பைக்கு விமானம், அங்கிருந்து கார் அல்லது ரயில்.

புகைப்படத்துக்குத் திராட்சையை மிதிப்பது எங்களுக்குத் தேவையில்லை. கொடியிலிருந்து பறிப்பது, ஆலையில் அரைப்பது, தொட்டியில் நொதிப்பது ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். எங்கே தங்குவது, ஒரு நாளைக்கு எத்தனை ஒயினரி தாங்கும், பாட்டில் வாங்கினால் சென்னைக்குக் கொண்டுவர முடியுமா, இவற்றையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொடிமுந்திரி

தேதியை முதலில் முடித்துவிடுவோம், மற்றதெல்லாம் அதைப் பிடித்துத்தான் வரும். நீங்கள் சொன்ன மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும் என்றால் பிப்ரவரி முதல் பாதி. பொங்கல் வாரம் அடுத்த தேர்வுதான்.

காரணம் கவாத்து, அதாவது கொடியின் கிளைகளை வெட்டிவிடுவது. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் கொடி இலை உதிர்த்து உறங்கிவிடும், வருஷத்துக்கு ஒரு கவாத்து போதும். நாசிக்கில் கொடி தானாக உறங்காது. அதனால் இரண்டு முறை வெட்டுகிறார்கள். ஏப்ரல் வாக்கில் வெட்டுவது புதுக்கிளை வளர. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் வெட்டுவது காய்ப்புக்கு. இந்த இரண்டாவது வெட்டிலிருந்துதான் நாள் எண்ண வேண்டும். ரகத்தைப் பொறுத்து ஏறக்குறைய 120 முதல் 150 நாளில் குலை பறிப்புக்கு வரும். செப்டம்பர் 10ல் வெட்டிய தோட்டம் ஜனவரி நடுவில் வந்துவிடும், அக்டோபர் முதல் வாரத்தில் வெட்டியது பிப்ரவரி கடைசிக்குப் போகும். எல்லாப் பழமும் ஒரே வாரத்தில் ஆலை வாசலில் குவிந்துவிடக் கூடாது என்பதற்காகக் கவாத்தையே தோட்டத்துக்குத் தோட்டம் தள்ளிப் போடுவார்கள்.

அதற்குள் ஒரு வரிசை உண்டு. நுரைக்கும் ஒயினுக்கான பழம்தான் முதலில். அதற்குப் புளிப்பு வேண்டும், சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும் என்பதால் 17 முதல் 19 பிரிக்ஸில் பறித்துவிடுவார்கள். அடுத்து வெள்ளை: செனின் பிளாங்க், சோவின்யோன் பிளாங்க், 20 முதல் 22 பிரிக்ஸ். கடைசியில் சிவப்பு: ஷிராஸ், காபர்னே சோவின்யோன், 23 முதல் 25. பிரிக்ஸ் என்பது சாற்றில் நூற்றுக்கு எத்தனை பங்கு சர்க்கரை என்ற கணக்கு. அதை 0.55 முதல் 0.6 ஆல் பெருக்கினால் ஒயினில் வரப்போகும் ஆல்கஹால் விகிதம் ஏறக்குறையக் கிடைக்கும். 22 பிரிக்ஸ் பழம் என்றால் 12 முதல் 13 சதவீதம்.

பொங்கல் வாரத்தில் போனால் நுரை ஒயினின் கடைசிப் பறிப்போ வெள்ளையின் தொடக்கமோ கிடைக்கும். சிவப்புத் தொட்டிகள் காலியாக இருக்கும். பிப்ரவரி முதல் பாதியில் ஒரு பக்கம் வெள்ளை முடிந்துகொண்டிருக்கும், இன்னொரு பக்கம் சிவப்பு தொடங்கியிருக்கும், முன்பே வந்த சாறு தொட்டியில் நொதித்துக்கொண்டிருக்கும். நீங்கள் கேட்ட மூன்றும் சேர்ந்து இருப்பது அந்த நாட்களில்தான். மார்ச்சில் வெயில் ஏறிவிடும், தோட்டங்கள் பாதி காலி.

காய்ப்புக் கவாத்துக்குப் பிறகு மழை பெய்துவிட்டால் இந்தக் கணக்கு ஒரு வாரம், பத்து நாள் தள்ளும். அடிச்சாம்பல் நோய் வந்தால் சில தோட்டங்கள் பறிப்புக்கே வராது. ஆகவே விமான டிக்கெட் போடுவதற்கு முன் ஒயினரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். “அறுவடை எப்போது?” என்று கேட்டால் “ஜனவரி முதல் மார்ச்” என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: “நாங்கள் வரும் வாரத்தில் எந்த ரகம் பறிக்கிறீர்கள்? எத்தனை மணிக்குத் தொடங்குகிறீர்கள்? அரவை நடக்கும்போது பார்வையாளரை அனுமதிக்கிறீர்களா?” மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் தரும் இடத்துக்குப் போங்கள்.

இன்னொன்று. சுலா ஒயினரி நடத்தும் சுலா ஃபெஸ்ட் என்ற இசை விழா பெரும்பாலும் இதே பருவத்தில்தான் வரும். அந்த வார இறுதியில் அறை கிடைக்காது, சுற்றிக்காட்டவும் ஆளுக்கு நேரம் இருக்காது. விழாத் தேதியைப் பார்த்துவிட்டு அதற்கு முந்தைய வாரமோ பிந்தைய வாரமோ, செவ்வாய் முதல் வியாழன் வரை வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு மும்பைக் கூட்டம் முழுக்க அங்கேதான்.

கசாரா காட்

தங்குவது, சுற்றுவது பற்றி.

நாசிக் ஒயினரிகள் ஒரே இடத்தில் இல்லை. மூன்று திசை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நகரத்துக்கு மேற்கே கங்காபூர் அணையை ஒட்டி சுலா, யார்க், சோமா. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சில நிமிடம்தான். தென்மேற்கே, மும்பை போகும் வழியில் இகத்புரி தாலுகா சஞ்சேகாவ் பக்கம் குரோவர் ஜம்பாவும் வலோனேயும். வடக்கே திண்டோரி தாலுகாவில் ஷாண்டோன், நுரை ஒயினுக்குப் பேர்போன இடம். ஒரே நாளில் இரண்டு திசை வைத்தால் நாள் முழுவதும் காரில்தான் போகும்.

மும்பையிலிருந்து காரில் வந்தால் இகத்புரி வழியில்தான் வருகிறீர்கள். முதல் நாளே அங்கே நிறுத்திப் பார்த்துவிடுங்கள். நாசிக் போய்விட்டு மறுநாள் திரும்பி வருவது வீண் அலைச்சல், “8 மணி நேரம், 80 கிலோமீட்டர்” என்ற உள்ளூர் வாடகைக் கணக்கும் அதில் தாண்டிவிடும். சம்ருத்தி விரைவுச் சாலையின் இகத்புரி–ஆமணே பகுதி 2025 ஜூனில் திறந்ததிலிருந்து கசாரா மலைப்பாதையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏற வேண்டியதில்லை. நெரிசல் எல்லாம் மும்பையை ஒட்டிய தானே நகர், பிவண்டி பக்கம்தான். காலை 7 மணிக்குள் மும்பையை விட்டுவிட வேண்டும். வெள்ளி மாலை கிளம்புவதை நினைக்கவே வேண்டாம்.

அப்பாவுக்கும் கர்ப்பிணிக்கும் ரயில் சுகம் என்றால் மும்பை சிஎஸ்எம்டி நிலையத்திலிருந்து ஷீரடி போகும் வந்தே பாரத் காலை 6 மணிக்கு மேல் கிளம்பி 9 மணி வாக்கில் நாசிக் ரோடு சேரும். நாசிக் ரோடு நிலையம் நகருக்குள் இல்லை, கங்காபூர் பக்கம் போக இன்னும் 20 கிலோமீட்டர் அளவுக்குக் கார் வேண்டும். ரயிலில் வந்தால் இகத்புரியை விட்டுவிடுங்கள். கங்காபூர், திண்டோரி இரண்டும் போதும்.

கங்காபூர் சாலையில் தங்குங்கள். சுலாவுக்கே அங்கே சொந்த விடுதிகள் உண்டு. ஒயினரிக்குள் தங்குவதன் பெரிய லாபம் சூரிய உதயத்தின்போது தோட்டத்தில் நிற்கலாம் என்பது. பறிப்பு விடியலில் நடக்கும், வெயில் ஏறினால் நின்றுவிடும். 10 மணிக்கு நகரத்து ஓட்டலில் காலை உணவு முடித்துக் கிளம்புகிறவர்களுக்கு வெறும் கொடிதான் மிஞ்சும்.

குளிரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. நாசிக் கடல்மட்டத்துக்குச் சுமார் 600 மீட்டர் மேலே இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி விடியலில் 10 டிகிரிக்குப் பக்கத்தில் வரும், சில நாள் அதற்கும் கீழே இறங்கும். மதியம் 30. சென்னையை விடச் சூரியன் அரை மணி நேரம் தாமதமாகத்தான் உதிக்கும், ஜனவரியில் 7 மணி ஆகிவிடும். ஸ்வெட்டர், அப்பாவுக்கு மஃப்ளர், அடியில் மெல்லிய பருத்தி. காலுக்குக் கட்டிய ஷூ. அங்கே பல தோட்டங்கள் கரிசல் மண், சொட்டுநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஈரமாக இருந்தால் செருப்பைப் பிடித்து இழுத்துவிடும்.

தரமணி வாசி

மிக்க நன்றி. தேதியைப் பிப்ரவரி முதல் பாதிக்கு மாற்றிவிட்டோம். நெடுஞ்சாலை ஓரத்திலேயே கிலோமீட்டர் கணக்கில் திராட்சைப் பந்தல் இருக்கிறது என்கிறார்களே, அதெல்லாம் ஒயினுக்கானதா? அங்கே இறங்கிப் பறிப்பைப் பார்த்துக்கொண்டால் ஒயினரிக்கு விடியலில் ஓட வேண்டாமே?

கம்பத்துக்காரன்

அது சாப்பிடும் திராட்சை சார். நாசிக் மாவட்டத்தில் பெரும்பங்கு அதுதான். நிஃபாட், பிம்பள்காவ் பக்கம் முழுக்கத் தாம்சன் சீட்லெஸ் வகையறா. பார்த்ததுமே பிரித்துவிடலாம். சாப்பிடும் திராட்சையைத் தலைக்கு மேல் பந்தலிலோ ஆங்கில ஒய் எழுத்து மாதிரி விரிந்த கம்பியிலோ ஏற்றியிருப்பார்கள், குலை பெரிசு, சில தோட்டத்தில் குலைக்குக் காகிதம் சுற்றியிருக்கும். குளிரில் பச்சைப் பழம் ரோஸ் நிறமாக மாறிவிடக் கூடாது, ஏற்றுமதியில் கழித்துவிடுவார்கள் என்பதற்காக. ஒயின் திராட்சை இடுப்பு, மார்பு உயரத்துக்கு வேலி மாதிரி நேர்வரிசையில் நிற்கும். குலை கையளவு. பழம் சிறிசு, தோல் தடிப்பு, உள்ளே விதை.

அந்தத் தோலுக்காகத்தான் அதை வளர்ப்பதே. சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து வருகிறது. பழம் பெரிசானால் சாறு அதிகம், தோல் குறைவு, ஒயின் வெளுத்துப்போகும்.

சாலையோரத் தோட்டத்தில் கேட்காமல் இறங்காதீர்கள், கை வைக்கவே வைக்காதீர்கள். மருந்து அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்கலாம் என்று கணக்கு இருக்கிறது. எந்த வரிசை எந்த நாளில் இருக்கிறது என்பது தோட்டக்காரருக்குத்தான் தெரியும். ஒயினரியிலும் அப்படியே. “இதைச் சாப்பிடலாமா?” என்று கேட்டுவிட்டு வாயில் போடுங்கள்.

திராட்சைத் தோட்டம் பார்ப்பதுதான் ஆசை, ஒயின் இரண்டாம்பட்சம் என்று இதைப் படிக்கும் யாராவது நினைத்தால் தேனி மாவட்டம் போதும். கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி. பன்னீர் திராட்சை, 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கவாத்தை மாற்றி மாற்றிச் செய்வதால் எந்த மாதம் போனாலும் எங்கேயாவது ஒரு பந்தலில் பறிப்பு இருக்கும். உங்களுக்கு வேண்டியது அரவையும் தொட்டியும், அதற்கு நாசிக்தான் போக வேண்டும்.

அரவைத் தளம்

ஆலைக்குள் என்ன பார்க்க வேண்டும் என்று ஒருவரும் எழுதவில்லை, இது கொஞ்சம் நீளும்.

பறித்த பழம் 20 கிலோ அளவுள்ள பிளாஸ்டிக் கிரேட்டில் வரும். பெரிய தொட்டியில் கொட்டி ஏற்றினால் அடியில் இருக்கும் பழம் நசுங்கிச் சாறு வெயிலில் புளிக்கத் தொடங்கிவிடும், அதனால்தான் சின்ன கிரேட். முதலில் எடைமேடை, பிறகு பிரித்தெடுக்கும் மேசை. காய், அழுகல், இலை கழிக்கப்படும். அடுத்து காம்பு நீக்கும் எந்திரம். சுழலும் துளை உருளைக்குள் குலை போனால் பழம் ஒரு பக்கம், வெறும் காம்பு இன்னொரு பக்கம் விழும். இதன் பக்கத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள், மொத்தச் சுற்றுலாவிலும் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளக்கூடிய இடம் இதுதான்.

இங்கிருந்து வழி பிரியும். வெள்ளைக்கு உடனே பிழிவு எந்திரம். நீண்ட உருளைக்குள் காற்றுப்பை ஊதி மெதுவாக அழுத்தும், தோலும் விதையும் சக்கையாக நின்றுவிடும். சாற்றை ஓர் இரவு குளிரில் வைத்து மண்டியைப் படியவிட்டு, தெளிந்ததை 12 முதல் 18 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் நொதிக்கவிடுவார்கள். சூடு ஏறினால் பழ மணம் வாயுவோடு பறந்துவிடும். சிவப்பு நேர்மாறு: தோலோடு தொட்டிக்குள் போகும், 24 முதல் 28 டிகிரி, ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள். நொதிக்கும்போது வரும் வாயு தோலையெல்லாம் மேலே தள்ளித் தடித்த ஆடை மாதிரி மிதக்கவிடும். அதை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை கீழே அமுக்க வேண்டும், அல்லது அடியிலிருந்து சாற்றை எடுத்து மேலே கொட்ட வேண்டும். விட்டுவிட்டால் ஆடை காய்ந்து வினிகராகத் திரும்பும். அந்த வேலை எத்தனை மணிக்கு நடக்கிறது என்று கேட்டு அந்த நேரத்தில் போங்கள். ஓர் ஒயினரியின் கை சுத்தமா, கவனம் எப்படி என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

இப்போது ஆபத்து. ஒரு லிட்டர் சாறு முழுதாக நொதித்து முடிக்கும்போது 50 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளியே வருகிறது. பல்லாயிரம் லிட்டர் தொட்டிகள் வரிசையாக நிற்கும் அறையில் அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றை விடக் கனம் என்பதால் தரையோடு, பள்ளத்தில், மூலையில் தேங்கும். வாசனை கிடையாது. தொட்டியின் மேல்வாய்க்குள் தலையை விட்டு முகர்ந்து பார்ப்பது, தனியாகப் பள்ளத்தில் இறங்குவது, வாயில்படியில் குனிந்து புகைப்படம் எடுப்பது எதுவும் கூடாது. மூக்கில் சுருக்கென்று குத்தினாலோ தலை கனத்தாலோ பேச்சை விட்டுவிட்டு வெளியே வாருங்கள். அறுவடைப் பருவத்தில் நொதிப்பு அறைக்குள் விட மறுக்கும் ஒயினரியிடம் கோபப்படாதீர்கள். கண்ணாடிக்கு வெளியிலிருந்தோ மேல்நடைபாதையிலிருந்தோ காட்டினால் அதுவே சரியான முறை.

கர்ப்பிணியைத் தோட்டத்துக்கும் பிரித்தெடுக்கும் மேசைக்கும் அழைத்துப் போங்கள், நொதிப்பு அறைக்கு வேண்டாம். ஆஸ்துமா உள்ளவருக்கும் அதே எச்சரிக்கை. பழம் கெடாமல் இருக்க அதன் மேல் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்ற கந்தக உப்பைத் தூவும் இடத்தில் கந்தக வாடை மூச்சைப் பிடிக்கும். தரை எப்போதும் ஈரம், குழாய்கள் குறுக்கே கிடக்கும். அப்பா கைப்பிடி உள்ள பக்கமாக நடக்கட்டும்.

திராட்சை மிதிப்பு பற்றி நீங்கள் சொன்னது சரி. விருந்தினருக்காகத் தனித் தொட்டியில் வைப்பது அது, ஒயினாகப் போகும் பழம் எந்திரத்தில்தான் போகிறது. ஒரு 750 மில்லி பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே பழம் வேண்டும். கிரேட் ஒன்றுக்கு 16, 17 பாட்டில் என்று வைத்துக்கொண்டு எடைமேடையில் வரும் கிரேட்டுகளை எண்ணிப் பாருங்கள், அளவு பிடிபடும்.

மணம் குணம்

சுவைப்பது பற்றி, எண்ணிக்கையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு டேஸ்டிங்கில் பெரும்பாலும் ஐந்தாறு வகை, ஒவ்வொன்றும் 30 மில்லி அளவு. ஐந்து சேர்ந்தால் 150 மில்லி, அதாவது ஒரு முழுக் கிளாஸ், 13 சதவீத ஒயினில் சுமார் 15 கிராம் ஆல்கஹால். இரண்டு இடத்தில் சுவைத்து, நடுவே சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் வாங்கினால் 45 கிராம் ஆகிவிடுகிறது. ஆக ஒரு நாளைக்கு இரண்டு ஒயினரி, மூன்றாவது கிடையாது. இந்தியாவில் ஓட்டுநர் ரத்தத்தின் வரம்பு 100 மில்லிக்கு 30 மில்லிகிராம், முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்களில் ஒருவர் “நான் குறைவாகக் குடித்து ஓட்டுகிறேன்” என்று ஒப்புக்கொள்வதை விட டிரைவரோடு கார் எடுப்பதே நல்லது.

எல்லா இடத்திலும் துப்புவதற்கென்று ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். நம் ஆட்களுக்குக் கூச்சமாக இருக்கும். கூச்சப்பட வேண்டாம். நாக்கில் சுற்றிவிட்டுத் துப்புவதுதான் அந்தத் தொழிலில் இருப்பவர்களின் வழக்கம், நாள் முழுக்கத் தெளிவாக இருக்க அதைவிட்டால் வழியில்லை.

காலையில் நாசிக் மிசல் (முளைகட்டிய பயறுக் காரக் குழம்பு) சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். மிசல் அங்கே தவறவிடக் கூடாத உணவுதான், ஆனால் மிளகாய் பட்ட நாக்கில் ஆல்கஹால் எரியும், புளிப்பு கூர்மையாகும், ஐந்து ஒயினும் ஒன்றுபோலவே தோன்றும். இட்லி, போஹா, ரொட்டி இப்படி ஏதாவது காரமில்லாமல் வயிற்றில் இருக்கட்டும். மிசலை மாலைக்கு வையுங்கள். சென்ட், ஜவ்வாது, தலையில் மல்லிகை, வாயில் பாக்கு இவையும் அந்த ஒரு வேளை வேண்டாம். பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்து மணத்தை மறைத்துவிடும்.

வரிசை: நுரை, வெள்ளை, ரோஸே (இளஞ்சிவப்பு), சிவப்பு, கடைசியில் இனிப்பு. சிவப்பை முதலில் குடித்துவிட்டால் அதன் துவர்ப்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும், பிறகு வெள்ளை தண்ணீராகத் தெரியும். என் கருத்தில் நாசிக்கின் பலம் செனின் பிளாங்கும் சோவின்யோன் பிளாங்கும்தான், சிவப்பில் ஷிராஸ். முதல் நாளே விலை அதிகமான பீப்பாய் ஒயினைத் தேடிப் போகாதீர்கள்.

கர்ப்பிணிக்கு ஒரு துளியும் வேண்டாம், துப்பினாலும் வேண்டாம். அவருக்கும் அப்பாவுக்கும் சுற்றிப்பார்க்கும் டிக்கெட் மட்டும் கேட்டு வாங்குங்கள், டேஸ்டிங்கோடு சேர்ந்த டிக்கெட்டை ஐந்து பேருக்கும் எடுத்துவிட வேண்டாம். ஒயின் சுவைக்க மகாராஷ்டிரத்தில் 21 வயது நிறைந்திருக்க வேண்டும், அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

கசாரா காட்

விட்டுப்போன ஒன்று: மதுவிலக்கு நாட்கள். ஜனவரி 26 அன்று ஒன்றும் ஊற்ற மாட்டார்கள், 30ஆம் தேதியையும் விசாரிக்காமல் வைக்காதீர்கள். அந்தப் பகுதியில் எந்தத் தேர்தல் வந்தாலும் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் வாக்கு எண்ணும் நாளும் மூடல். முன்பதிவு செய்யும்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

திரியம்பகேஸ்வரர் நாசிக்கிலிருந்து 30 கிலோமீட்டருக்குள். கங்காபூர் பக்கம் தங்கினால் இன்னும் கிட்டே. திங்கட்கிழமையும் சிவராத்திரியும் வேண்டாம். விடியலில் பறிப்பு, விடியலில் கோயில் இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் இரண்டும் கெடும். கோயிலுக்குத் தனிக் காலை ஒதுக்குங்கள், அன்று மதியத்துக்கு மேல் ஒரே ஒரு ஒயினரி. 2027ல் அங்கே சிம்மஸ்தக் கும்பமேளா. அதையொட்டிய மாதங்களில் போகிறவர்கள் அறை வாடகையையும் சாலை வேலைகளையும் முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

தரமணி வாசி

ஆறு பாட்டில் வாங்கும் எண்ணம். விமானத்தில் செக்-இன் பெட்டியில் போட்டால் சரியா?

கொடிமுந்திரி

விமானம் ஒரு கேள்வி, தமிழ்நாடு இன்னொரு கேள்வி. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

விமான விதிப்படி ஆல்கஹால் 24 சதவீதத்துக்குக் கீழே உள்ள மது ஆபத்தான சரக்குப் பட்டியலில் வராது. 24 முதல் 70 வரை உள்ளதற்குத்தான் ஆளுக்கு 5 லிட்டர் என்ற உச்சவரம்பு. அதற்கு மேல் விமான நிறுவனத்தின் சொந்த விதி இருக்கும், அதையும் படியுங்கள். கைப்பையில் வேண்டாம், செக்-இன் பெட்டி மட்டும். சாதாரணப் பாட்டில் ஒன்று 1.2 முதல் 1.4 கிலோ. ஆறு என்றால் 8 கிலோ, 15 கிலோ வரம்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. நுரை ஒயின் பாட்டில் உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் தாங்கத் தடிமனாகச் செய்தது, இன்னும் கனம்.

ஆனால் மகாராஷ்டிரத்து ரசீது தமிழ்நாட்டுக்குள் அனுமதிச் சீட்டு ஆகாது. இங்கே 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். வெளிமாநில மது கொண்டுவருவதற்குத் தனிச் சட்டம். மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையிடம் எழுதிக் கேட்டு, பதில் கையில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். “எல்லாரும் கொண்டுவருகிறார்கள்” என்று யார் சொன்னாலும் பெட்டியைத் திறக்கும் இடத்தில் அது உதவாது. பிடித்த ஒயினை அங்கேயே சாப்பாட்டோடு திறந்து குடித்துவிட்டு, வீட்டுக்கு நாசிக் உலர்திராட்சை வாங்கி வருவதைத்தான் நான் சொல்வேன்.

கொண்டுவர வழி கிடைத்தாலும் பாட்டிலைக் கார் டிக்கியில் வைத்துவிட்டு ஊர் சுற்றாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு 50 டிகிரியைத் தொடும், ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளும், ஓரத்தில் கசியும், உள்ளே காற்று போய்விடும். வீட்டுக்கு வந்து திறந்தால் வேகவைத்த பழ மணம்தான் வரும். கடைசி நாள் கடைசி இடத்தில் வாங்கி நேராக விமான நிலையம் போங்கள்.

தரமணி வாசி

நன்றி, பாட்டிலை விட்டுவிடுகிறோம். எங்கள் திட்டம்: முதல் நாள் மும்பையிலிருந்து காரில் இகத்புரி, சஞ்சேகாவில் ஓர் ஒயினரி, மாலை கங்காபூர் விடுதி. இரண்டாம் நாள் விடியலில் பறிப்பு, அரவை, மதியம் தூக்கம், மாலையில் பக்கத்து ஒயினரி. மூன்றாம் நாள் காலை திரியம்பகேஸ்வரர், அப்படியே மும்பை, இரவு விமானம். சரியா?

அரவைத் தளம்

சரிதான், ஒரு மாற்றம். பறிப்பை இரண்டாம் நாளில் மட்டும் நம்பி வைத்திருக்கிறீர்கள். அன்று பனிமூட்டமோ, பழத்தின் சர்க்கரை எதிர்பார்த்த அளவுக்கு ஏறாமலோ இருந்தால் முந்தின மாலைதான் “நாளை பறிப்பு இல்லை” என்று சொல்வார்கள். இரண்டாம் நாளையும் மூன்றாம் நாளையும் மாற்றிக்கொள்ளும்படி விடுதியிடமும் டிரைவரிடமும் முன்பே பேசி வையுங்கள். பறிப்பு தள்ளினால் கோயில் இரண்டாம் நாள், தோட்டம் மூன்றாம் நாள் காலை 6.30 முதல் 9 வரை, அங்கிருந்தே மும்பை. முந்தின மாலை 6 மணிக்கு ஒயினரிக்கு ஒரு போன் போட்டு, மறுநாள் எந்தத் தோட்டம், எந்த வாசல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பறிப்பு நடக்கும் தோட்டம் சுற்றுலாக் கட்டிடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம், பல கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம்.